ஓய்வு பெற்ற கைகளை யார் கூப்பிட்டார்கள்?

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வீர்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், அநேகமாக மூன்று பதில்கள்தான் வரும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கோயில் காரியங்களில் ஈடுபடுவது, முடிந்தால் ஒருமுறை காசி, இராமேஸ்வரம் போய்வருவது. மூன்றும் நல்லவைதான். ஆனால், நாற்பது ஆண்டுகள் இயந்திரத்தோடும் மரத்தோடும் சிமெண்டோடும் பழகிய கைகளுக்கு இந்த மூன்று மட்டும் போதுமா?

வேறு சில நாடுகளில் இதே வயதுக்காரர்கள் நான்காவது பதில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கணவனும் மனைவியுமாக வண்டியில் கிளம்புகிறார்கள். போகிற ஊரில் இரண்டு வாரம் தங்கி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட உதவுகிறார்கள். பிறகு ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். இந்தப் பழக்கத்திலிருந்து லாபு போன்ற நம் தோட்டப்புறங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பேச்சு.

சக்கரம் வைத்த வீடுகள்

'ஹெபிடேட் ஃபார் ஹியூமனிட்டி' என்ற அமைப்பை மாணவர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் என்ற தம்பதி 1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமைப்பு அது. வசதி குறைந்த குடும்பங்களுக்குத் தொண்டர்களின் உழைப்பைக் கொண்டு வீடு கட்டித் தருவது அதன் வேலை. 'கேர்-எ-வேனர்ஸ்' என்பது அதன் ஒரு பிரிவு. கேரவன் என்ற சொல்லையும் அக்கறை என்று பொருள்படும் 'கேர்' என்ற சொல்லையும் கோத்து வைத்த பெயர். ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கான பிரிவு இது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே இருக்கும். இந்தப் பிரிவில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். பலர் தம்பதியராகவே வருகிறார்கள்.

இது நடக்கும் முறையைக் கவனியுங்கள். இந்த ஊரில், இந்தத் தேதியில், இத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கான வேலை. உள்ளூர்க் கிளை மனையையும் பொருள்களையும் வேலையை மேற்பார்க்கும் ஆளையும் தயாராக வைத்திருக்கும். வண்டியை நிறுத்த இடமும் தண்ணீர், மின்சார வசதியும் ஏற்பாடு செய்து கொடுக்கும். எண்ணெய்ச் செலவும் சாப்பாட்டுச் செலவும் வருகிறவர்களுடையது. கட்டட வேலை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார்.

வீடு இலவசமும் இல்லை. வீட்டைப் பெறப்போகும் குடும்பமும் பல மணி நேரம் சேர்ந்து உழைக்க வேண்டும். இதை 'வியர்வைப் பங்கு' என்கிறார்கள். கட்டி முடித்த பிறகு அந்தக் குடும்பம் தன்னால் முடிந்த தவணையில் வீட்டுக் கடனைக் கட்டும். ஆகவே கொடுப்பவர், வாங்குபவர் என்ற இரண்டு சாதி அங்கே உருவாவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் நின்று ஆணி அடிக்கிறார்கள்.

இந்த அமைப்பை உலகம் அறியச் செய்ததும் ஒரு தம்பதிதான். அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் 1984இல் தொண்டர்களோடு ஜார்ஜியாவிலிருந்து பஸ்ஸில் நியூயார்க் போனார்கள். பாழடைந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்றைக் குடியிருக்கத் தக்கதாக்கும் வேலையில் சேர்ந்தார்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது தொடர்ந்தது. 2006இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகே 100 வீடுகள் கட்டும் பணிக்கும் இருவரும் வந்தார்கள். 2019 அக்டோபரில் கார்ட்டர் வீட்டில் தடுக்கி விழுந்து நெற்றியில் 14 தையல் போட்டார்கள். மறுநாளே கட்டோடு நேஷ்வில் நகரில் வீடு கட்டும் இடத்தில் நின்றார். அப்போது அவருக்கு வயது 95.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு கதை. 2009 பிப்ரவரியில் விக்டோரியா மாநிலத்தில் பரவிய காட்டுத் தீ 173 உயிர்களைக் குடித்தது. கெவின் பட்லர், ரோண்டா பட்லர் என்ற விவசாயத் தம்பதியின் வேலிகளும் அதில் எரிந்துபோயின. வேலி இல்லாவிட்டால் ஆடு மாடுகளை அடைத்து வைக்க முடியாது. அக்கம்பக்கத்தார் வந்து வேலி போட உதவினார்கள். தங்கள் வேலி முடிந்ததும் அந்தக் குழுவை அப்படியே பக்கத்துப் பண்ணைகளுக்கு அழைத்துப் போனார்கள் பட்லர் தம்பதி. 'பிளேஸ்எய்ட்' என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. இன்று அங்கே தீயோ வெள்ளமோ வந்தால், கேரவனில் நாடு சுற்றும் ஓய்வு பெற்றவர்கள் ஊர்த் திடலில் முகாம் போட்டு வேலி கட்டுகிறார்கள்.

நம்மவர்களிடம் இல்லாததா?

பணக்கார நாட்டுக்காரர்களுக்கு வண்டி இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, அது நமக்கு எப்படி ஒத்துவரும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

சங்கரலிங்கம் ஜகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டவர். கிருஷ்ணம்மாள் நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்து, பட்டப் படிப்பு வரை வந்தவர். நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று காத்திருந்து 1950இல் மணந்துகொண்டார்கள். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்து நிலமில்லாதவர்களுக்காக நிலம் கேட்டார்கள். அவர்களுடைய வண்டி அவர்களுடைய கால்கள்தான்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் நடுவே ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு இந்தத் தம்பதி அந்த வட்டாரத்துக்கே குடிபெயர்ந்து, அங்கேயே வேலை செய்தார்கள். 1981இல் 'லாஃப்டி' என்ற உழுபவர் நில உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் மூலம் சுமார் 13,000 ஏக்கர் நிலம், குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் நிலமற்றவர்கள் கைக்கு வந்தது. நிலம் வந்த பிறகும் மழைக்கு ஒழுகும் மண் குடிசைகள் அப்படியே இருந்தன. ஆகவே ஊர்க்காரர்களையே செங்கல் செய்யவும் கட்டவும் பழக்கி, குடிசை இருந்த இடத்தில் செங்கல் வீடு எழுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார் கிருஷ்ணம்மாள். மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது 2008இல் இருவருக்கும் கிடைத்தபோது அவருக்கு வயது 82. ஜகந்நாதன் 2013இல் மறைந்த பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை.

ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். லாஃப்டி தொடங்கியபோது கிருஷ்ணம்மாளுக்கு வயது 55. ஜகந்நாதன் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து என்பது நம் நாட்டில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வயது. நாம் முடிவு என்று நினைக்கும் இடத்தில் அவர்கள் தொடங்கினார்கள்.

லாபுவில் என்ன இருக்கிறது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிரம்பானுக்குப் பக்கத்தில், நீலாயிலிருந்து கொமுட்டர் ரயிலில் அடுத்த நிலையம் லாபு. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள். இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்றும் முதல் பிரிவு, நான்காம் பிரிவு என்ற தோட்டக் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருந்திட்டங்களின் பேச்சில் லாபுவின் பெயர் அடிக்கடி அடிபடும். கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயிலின் சிரம்பான் நிலையம் இங்கேதான் வருவதாக இருந்தது. 2021 தொடக்கத்தில் அந்தத் திட்டம் ரத்தானது. பெரிய திட்டங்கள் வரும், போகும். ஒழுகும் கூரை மட்டும் அதுவரை காத்திருப்பதில்லை.

என் தாத்தா இந்த வட்டாரத்தில் ஒரு தோட்ட ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடியும் என்பது தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அறுபது வயதில், வாழ்நாள் முழுதும் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சேமநிதிப் பணத்தில் ஒரு மலிவுவிலை வீட்டைத் தேட வேண்டும். அப்படி வாங்கிய வீடுகளில் பலவற்றுக்கு இப்போது வயதாகிவிட்டது. கூரைத் தகரம் துருப்பிடித்து, வயரிங் பழசாகி, கழிவறைப் படி வழுக்குகிறது. பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணம் போய்விட்டார்கள். உள்ளே இருப்பது எழுபதைத் தாண்டிய இரண்டு பேர்.

அதே வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு முன்னாள் கொத்தனார் இருப்பார். அடுத்த சந்தில் ஒரு வெல்டர். அதற்கடுத்து ஒரு வயர்மேன். தோட்டம் என்பது தனக்கு வேண்டிய எல்லா வேலையையும் தானே செய்துகொண்ட ஓர் உலகம். ஆலை பழுதானாலும் லயத்து வீட்டுக் கூரை பறந்தாலும் உள்ளே இருந்தவர்களே சரிசெய்தார்கள். அந்தத் திறமை சம்பளத்தோடு சேர்ந்து முடிந்துபோனது. ஒரு வேலை கெட்டுப்போகும் முன்பே சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் என் தாத்தா, மாலையில் வானொலியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். "பக்கத்து வீட்டுக்காரங்க கூரையைப் பார்த்துக் கொடுக்கலாமே தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரும்மா கூப்பிட்டாங்க, நான் வரலைன்னு சொல்றதுக்கு?" என்றார்.

என் கருத்தில் பிரச்சினையின் முடிச்சு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பெரியவர்களுக்கு நம் பெரியவர்களைவிட மனசு பெரிது என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குத் தேதி போட்ட ஓர் அழைப்பு வருகிறது, நம்மவர்களுக்கு வருவதில்லை.

கூப்பிட்டால் நம்மவர்கள் வருவார்கள் என்பதற்கு வரலாறு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். தோட்டப் பாட்டாளிகள் தந்தார்கள். மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்களுக்குச் சொந்தமானது. இன்றும் கோயில் திருப்பணி என்றால், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்றால், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூங்கில் கட்ட ஆள் வருகிறது. அண்டா தூக்க ஆள் வருகிறது. கோயிலுக்கு எழும் கை, கோயிலுக்குப் பின்வீட்டுக் கூரைக்கும் எழும். அழைக்கும் குரல்தான் வேண்டும்.

மூன்று மறுப்புகள்

இதைச் சொன்னால் நண்பர்கள் சில மறுப்புகளைச் சொல்கிறார்கள். ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல அவை.

முதல் மறுப்பு: முதலாளியும் அரசாங்கமும் செய்ய வேண்டியதை ஏன் கிழவர்கள் இலவசமாகச் செய்ய வேண்டும்? நியாயமான கோபம். தோட்டத் தொழிலாளரின் வீட்டு வசதிக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கிறது. அதை நிறைவேற்ற வேண்டியது முதலாளி. ஆகவே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்குச் சொந்தமான வீட்டில் தொண்டர்கள் கை வைக்கக் கூடாது. அங்கே குறை இருந்தால் புகார் எழுத உதவலாம். அதுவும் மாணவர்களால் முடிந்த தொண்டுதான். சுத்தியல் எடுக்க வேண்டிய இடம், ஓய்வு பெற்றவர்கள் தங்கள் சேமிப்பில் வாங்கிய சொந்த வீடுகள். அவற்றுக்கு எந்த முதலாளியும் பொறுப்பில்லை. பழுது பார்க்கக் காசும் இல்லை.

இரண்டாவது: வயதானவர்களை ஏணியில் ஏற்றுவதா? ஏற்ற வேண்டாம். ஏணியில் நாம் ஏறுவோம். எந்தச் சட்டம் உளுத்திருக்கிறது, எத்தனை தகரம் வேண்டும், கலவையில் மணல் எவ்வளவு என்று கீழே நின்று சொல்ல ஒருவர் வேண்டும். இன்று பல்கலைக்கழகக் கழகங்கள் சமூகச் சேவை என்று பள்ளிகளுக்குப் போய்ச் சுவரில் ஓவியம் வரைகின்றன. பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு இரண்டே நாளில் திரும்பிவிடுகின்றன. நான் பார்த்த ஒரு பள்ளிச் சுவரில் அப்படி வரைந்த ஓவியம் அடுத்த மழைக்காலத்திலேயே உரிந்து தொங்கியது. சுவருக்குள் ஈரம் இறங்குவதை முதலில் அடைக்க வேண்டும் என்று சொல்ல அங்கே ஒரு கொத்தனார் இல்லை. நம்மிடம் உடம்பு இருக்கிறது, அவர்களிடம் கண் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் சுவர் நிற்கும்.

மூன்றாவது மறுப்பை யாரும் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். தம்பதியர் தொண்டு என்கிறோம். நம் வீடுகளில் தாத்தாவுக்குத்தான் ஓய்வு வந்தது. பாட்டிக்கு அந்த நாள் வரவே இல்லை. காலையில் பால்மரம் வெட்டியவர் இப்போது காலையில் பேரனைப் பள்ளிக்கு அனுப்புகிறார். தொண்டு என்ற பெயரில் இருபது பேருக்குச் சமைக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டினால், இந்தத் திட்டம் தொடங்கும்போதே தோற்றுவிடும். கேர்-எ-வேனர்ஸ் வண்டிகளில் வரும் பெண்களும் அளவெடுக்கிறார்கள், ஆணி அடிக்கிறார்கள். வேலைத் தளத்தில் சமையல் முறை போட்டு நடக்கட்டும், அதில் பையன்களின் பெயர் முதலில் இருக்கட்டும். பாட்டிமார்களுக்கும் சாயத் தூரிகையோ அளவு நாடாவோ கொடுத்துப் பாருங்கள். கத்தியின் சாய்வைக் கையாலேயே உணர்ந்து மரம் வெட்டியவர்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா?

வண்டி வேண்டாம், ஏற்பாடு வேண்டும்

லாபுவுக்கு வீட்டு வண்டி தேவையில்லை. சேமநிதிப் பணத்தில் அதை வாங்கவும் முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஏற்பாட்டை: முன்கூட்டிய தேதி, எல்லை உள்ள வேலை, தயாராக இருக்கும் இடம், கூடவே உழைக்கும் குடும்பம்.

நீலாயிலும் சிரம்பானிலும் உயர்கல்விக் கூடங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். லாபு ஒரு ரயில் பயண தூரம். ஒரு கல்லூரித் தமிழ்க் கழகம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில், வட்டாரத்தில் ஓய்வு பெற்ற கைவேலைக்காரர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும். யாருக்கு என்ன தெரியும், எத்தனை மணி நேரம் நிற்க முடியும், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது வரை. அடுத்து, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கோயில் நிர்வாகத்தையும் கேட்டு, உடனே பழுதுபார்க்க வேண்டிய ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து வீடு வேண்டாம். ஒரு வீடு, ஒரு வாரம், செமஸ்டர் விடுமுறையில். வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், தொண்டர்களுக்குக் காப்புறுதி, மின்வேலைக்கு உரிமம் பெற்ற வயர்மேன், இவை இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பட்டணத்திலிருந்து வந்து கூடவே வேலை செய்ய வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருக்கட்டும். அதுதான் நம் வியர்வைப் பங்கு.

பயணத்தையும் விட்டுவிட வேண்டாம். ஈப்போவிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ ஒரு தம்பதி ஒரு வாரம் லாபு வரட்டும். பள்ளி விடுமுறையில் பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ தங்கட்டும். காலையில் வேலை, மாலையில் போர்ட்டிக்சன் கடற்கரை. அடுத்த விடுமுறையில் லாபுவின் தம்பதி ஒருவர் அவர்கள் ஊருக்குப் போகட்டும். சுற்றுலாப் பேருந்தின் சன்னல் வழியாக ஊரைப் பார்ப்பதைவிட, அந்த ஊர்க்காரர் ஒருவரின் கூரையைச் சேர்ந்து மாட்டினால் ஊர் நன்றாகப் புரியும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் ஆதாயம் உண்டு. தாத்தா பாட்டி தலைமுறையோடு நாம் பேசுவது பெருநாள் நாள்களில் "சாப்பிட்டீங்களா" என்பதோடு நின்றுபோகிறது. பேச ஒரு வேலை வேண்டும். சேர்ந்து ஒரு பலகையை அறுக்கும்போது வருகிற பேச்சு நாற்காலியில் உட்கார்ந்து வராது. தோட்டத்தின் கதையை ஆய்வேடுகளில் தேடுகிறோம். அதைக் கையில் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆகவே கழகத் தலைவர்களே, செயலாளர்களே, வருகிற விடுமுறைத் திட்டத்தில் இன்னொரு சுவரோவியத்தை எழுதும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு லாபு நிலையத்தில் இறங்குங்கள். வீடு வீடாகப் போய், "ஐயா, உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" "அம்மா, நீங்களும் வருகிறீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். தேதியையும் அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.